‘உட்காருங்க, கூப்பிடுவோம்’: அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், பழையபடி எல்லோரையும் அதட்டுகிறார். படிக்கிறவர்கள் பதற வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இது அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரிய நோயும் இல்லை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை போடுகிறார். அன்று மதியம் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கிறது என்றார், சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார். இருட்டுவதற்குள் வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. காரில் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தார். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். அந்த வேகத்தடை பின்னால் வரும்.

பதிவு மேசையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன பிரச்சினை என்று கேட்டார். மதியத்திலிருந்து வயிறு தாங்க முடியாமல் வலிக்கிறது, இப்போது வலது பக்கம் இறங்கியிருக்கிறது, நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்று சொன்னேன். அவர் ‘வயிற்று வலி’ என்று தட்டினார். நான் சொன்னதில் திரையில் ஏறியது அவ்வளவுதான். "உட்காருங்க, கூப்பிடுவோம்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்தார். காய்ச்சல் பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி நாடித் துடிப்பு பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அப்பாவின் கையில் பச்சை நிறச் சீட்டு வந்தது. அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் கருவியின் திரையைத்தான்.

யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்து நிறம் பிரிக்கும் இந்த வேலையில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் வைத்தியம் என்று இருந்தால் பலர் செத்துப்போவார்கள். உலகின் பல இடங்களில் பின்பற்றப்படும் மான்செஸ்டர் முறையில் சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடம். எனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டார்கள் என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லாத கோபம். என் கோபம் வேறு. அந்த நிறம், அந்த நேரத்து நிலைமைக்குப் போட்டது. நேரம் போகப்போக ஆள் மாறுவார். நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் யாராவது திரும்ப வந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு நடந்ததும், நான் பின்னால் தேடிப் படித்த பல கதைகளில் நடந்ததும் ஒன்றேதான்: யாரும் திரும்ப வந்து பார்க்கவில்லை.

எண்கள் சரியாக இருந்ததற்கும் காரணம் இருந்தது. அப்பா போடும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. இதயம் வேகமாகத் துடிக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. உடம்புக்குள் பெரிய கோளாறு நடக்கும்போது நாடி எகிற வேண்டும். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அது எகிறாமலே இருக்கலாம். வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. ஆக, அப்பாவின் திரையில் தெரிந்த ‘நார்மல்’ பாதி மாத்திரையின் கைவேலை. என்ன மாத்திரை போடுகிறார் என்று நர்ஸ் கேட்கவில்லை. நான் அட்டையை நீட்டினேன். "அதெல்லாம் டாக்டர் பார்ப்பாரு மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அதன் பிறகு காத்திருந்தோம். பச்சைக்கு உரிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அப்பா சக்கர நாற்காலியில் முன்னால் மடிந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். "வலிக்கு ஊசி போட்டா நோய் மறைஞ்சுடும், அப்புறம் டாக்டருக்குக் கண்டுபிடிக்க முடியாது" என்றார்கள். இது மருத்துவ உலகில் ஒரு காலத்தில் நிஜமாகவே சொல்லிக்கொடுத்த விஷயம்தான். ஆனால் பழைய விஷயம். கடும் வயிற்று வலிக்காரர்களுக்கு முன்கூட்டியே வலி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, மருந்து கொடுத்ததால் நோயைத் தவறாகக் கணிப்பது கூடவில்லை என்றே முடிவு சொன்னது. யாராவது உங்களிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால், "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர், இப்போது அப்படி இல்லை என்கிறார்களே" என்று தன்மையாகவே கேளுங்கள். வலி தாங்க முடியவில்லை என்பது தனியாகவே ஓர் அவசரம். நோய் என்னவென்று தெரிகிற வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதில் எனக்கு ஒரு பெயரும் கிடைத்தது. மேசைக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தப் பொண்ணு சும்மா சும்மா வருது." அதற்குப் பிறகு நான் எழுந்தாலே எல்லோரும் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் வந்து, "அவசரம்னா எழுதிக் கொடுத்துட்டு வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார். வாசித்தேன். மருத்துவ ஆலோசனையை மீறி நோயாளி தானாக வெளியேறுகிறார், விளைவுகளுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல என்று இருந்தது. எந்த டாக்டர், எப்போது, என்ன ஆலோசனை சொன்னார்? ஒரு டாக்டரும் இன்னும் பார்க்கவே இல்லையே! கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். இந்தப் படிவம் உங்களிடமும் வரலாம். வேறு இடத்துக்குப் போவதே நல்லது என்று தோன்றினால் போங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ‘ஆலோசனையை மீறி’ என்பதற்குக் கீழே, எத்தனை மணிக்கு வந்தோம், இதுவரை டாக்டர் பார்க்கவில்லை என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதக்கூடாது என்றால் கையெழுத்தும் வேண்டாம்.

நடு இரவு தாண்டியதும் அப்பா திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலி கொறஞ்ச மாதிரி இருக்கும்மா, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார். போய்ச் சொன்னேன். மேசையில் இருந்தவரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நாங்க சொன்னோம்ல." அப்பாவுக்கு இருந்தது குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) என்று பின்னால்தான் தெரிந்தது. அதில் வலி சட்டென்று குறைவது நல்ல சேதியாக இருக்கவே வேண்டியதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ஏறிக் குடல்வால் வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் சீழ் வயிறு முழுக்கப் பரவி, முன்பைவிட மோசமான வலி வரும். மருத்துவம் படித்தவர்களுக்கு இது பாடப்புத்தக விஷயம். அன்று எங்களிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்புறம் நடுக்கம் எடுத்தது. அப்பாவின் கை ஈரத்துணிபோல் சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்து, பல வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அத்தையின் பெயரைச் சொல்லி, "எப்ப வந்தே?" என்றார்.

அந்த நேரத்தில் பணி மாறியது. புதிதாக வந்த டாக்டர் சின்னப் பெண். காத்திருப்பவர்கள் வரிசையில் நடந்து வந்தவர் அப்பாவைக் கண்டதும் நின்றார். மேசைக்குப் போய்ச் சீட்டைத் தேடாமல், நாற்காலிக்கு முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பாவின் கண் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார். தன் பெயரைச் சொன்னார். "ஐயா, நான்தான் இப்ப உங்க டாக்டர். வலி முதல்ல எங்க ஆரம்பிச்சது, விரலால தொட்டுக் காட்டுங்க." அப்பா தடுமாறியதும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பார்த்ததுமே அவர் புருவம் மாறியது. கடைசியாக ஒரு கேள்வி: "வர்ற வழியில வண்டி வேகத்தடையில ஏறி இறங்கினப்ப வலி கூடுச்சா?"

அவ்வளவு நேரத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கொஞ்சம் அழுதுவிட்டேன்.

அது விளையாட்டுக் கேள்வி இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி ஓர் ஆய்வே வந்திருக்கிறது. குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி அதிகமானதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேகத்தடையில் வலிக்கிற எல்லோருக்கும் குடல்வால் அழற்சி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கருவி எதுவும் இல்லாமல், செலவு எதுவும் இல்லாமல், ஒரு மனிதரிடம் இன்னொரு மனிதர் பேசினால் மட்டுமே கிடைக்கிற தகவல். பரிவு என்று நாம் சொல்வதை ஆஸ்பத்திரிகள் சேவையின் ஓரத்தில் ஒட்டும் சரிகை மாதிரி நினைக்கின்றன. புன்னகைப் பயிற்சி கொடுக்கிறார்கள், கருத்துப் படிவம் வைக்கிறார்கள். அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. கேட்டார், கேட்டதைக் காதில் வாங்கினார். அதில்தான் நோய் பிடிபட்டது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக், அறுவை சிகிச்சை நிபுணர். வெடித்து நேரமாகிவிட்டது, வயிற்றில் சீழ் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டு வந்தார்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அன்றிரவுப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். என்னை உண்மையிலேயே உலுக்கியது அதுதான். ஒழுங்கான இடைவெளியில் நோயாளியைப் பார்த்ததாகக் குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாடியும் ரத்த அழுத்தமும் முதல் தடவை எடுத்த அதே எண்கள். ‘நோயாளி வசதியாக இருக்கிறார்’ என்று ஒரு வரி. எனக்குத் தெரிந்து முதல் நர்ஸுக்குப் பிறகு பணி மாறும் வரை அப்பாவைத் தொட்டுப் பார்த்தவர் கிடையாது.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டுமே 2008-ல் நடந்தவை. நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் எஸ்மின் கிரீன் என்ற பெண்மணி, மனநல அவசரப் பிரிவின் காத்திருப்பு அறையில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட அப்படியே கிடந்தார். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கேமராவில் பதிவானதற்கும் ஏட்டில் எழுதியிருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அவர் தரையில் கிடந்த நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போனதாக ஏட்டில் இருந்தது. அதே வருடம் கனடாவின் வினிபெக்கில், கால்கள் இரண்டையும் இழந்த பிரையன் சின்க்ளேர் சக்கர நாற்காலியில் 34 மணி நேரம் காத்திருந்து அங்கேயே இறந்தார். சிறுநீர்ப்பைத் தொற்று, மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். அவர் பூர்வகுடி மனிதர். குடித்துவிட்டு வந்திருக்கிறார், ஒதுங்க இடம் தேடி வந்திருக்கிறார் என்று ஆளாளுக்கு முடிவு செய்துகொண்டார்கள். அவர் நிலைமையைப் பார்த்து ஊழியர்களிடம் போய்ச் சொன்னவர்களில் பக்கத்தில் காத்திருந்த மற்ற மக்களும் இருந்தார்கள்.

ஊழியர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லவரவில்லை. மேலே வார்டில் படுக்கை காலியாகாததால், சேர்க்க வேண்டிய நோயாளிகள் அவசரப் பிரிவிலேயே தேங்கிக் கிடப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு இடமும் ஆளும் இருக்காது. கூட்ட நெரிசலுக்கு முக்கியக் காரணமே இதுதான். எங்கள் இரவிலும் அது இருந்திருக்கும். அதனால் தாமதம் ஆனது என்றால் நான் ஏற்றுக்கொள்வேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியதற்கும், "சும்மா சும்மா வருது" என்றதற்கும் படுக்கை இல்லாதது காரணம் ஆகாது.

இனி, போகிறவர்களுக்கு. முதலில் உங்களிடம் பேசுகிறவர் நர்ஸா, பதிவு எழுத்தரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையைப் பற்றி 2009-ல் வந்த விசாரணை அறிக்கையில், மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பு ஊழியர்களே அவசரப் பிரிவில் யார் முதலில் என்று தரம் பிரித்ததும் ஒரு குற்றச்சாட்டு. எழுத்தர் என்றால் "நர்ஸ் எப்போது பார்ப்பார்?" என்று அங்கேயே கேளுங்கள். போடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, ஸ்டீராய்டு இந்த மூன்றையும் கட்டாயம்.

சில விஷயங்களுக்குக் காத்திருப்பே கிடையாது. நெஞ்சு வலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். முகம் கோணுவது, கை விழுந்துவிடுவது, பேச்சுக் குழறுவது என்றால் பக்கவாதமாக இருக்கலாம்; ரத்த உறைவைக் கரைக்கும் மருந்துக்கு ஆரம்பித்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கடிகார நேரமாகச் சொல்லுங்கள், ‘காலையில்’ என்று சொல்லாதீர்கள். பையன்களுக்குத் திடீரென்று விரையில் வலி வந்தால் வெட்கப்பட்டு வயிற்று வலி என்று சொல்வார்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரி செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

காத்திருக்கும்போது ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்று கேட்டுப் பயன் இல்லை. அதற்கு அவர்களிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்லுங்கள். "வந்தப்ப நடந்தார், இப்ப நிக்க முடியல. அரை மணி முன்னாடி தெளிவா பேசினார், இப்ப என்னை யாருன்னு தெரியல. திரும்ப நாடியும் பிரஷரும் பாருங்க." வலி சட்டென்று குறைந்தாலும் அது மாற்றம்தான், அதையும் சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அவர்கள் கண்ணெதிரே கைபேசியில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், எழுதுவது தெரிந்தாலே போதும். அப்படியும் ஆகவில்லையென்றால் பொறுப்பு மருத்துவர் யார், பொறுப்பு நர்ஸ் யார் என்று பதவியைச் சொல்லிக் கேளுங்கள்.

சில நாடுகளில் இதற்கு முறையாகவே வழி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ‘ரயன் விதி’, இங்கிலாந்தில் 2024 முதல் ‘மார்த்தா விதி’. இரண்டும் குழந்தைகளை இழந்த பெற்றோர் போராடியதால் வந்தவை. நோயாளி மோசமாகிறார், யாரும் கேட்கவில்லை என்றால் குடும்பத்தினரே வேறொரு மருத்துவக் குழுவின் பார்வையைக் கோரலாம். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஏதாவது உண்டா என்று உள்ளே போகும்போதே கேட்டுவையுங்கள்.

அன்பாக நடத்தினால் கூட்டம் கூடிவிடும் என்று ஒரு நிர்வாகி என்னிடம் நேராகவே சொன்னார், புகார் பற்றிப் பேசப் போயிருந்தபோது. கனிவாகப் பேசினால் சின்ன விஷயத்துக்கெல்லாம் திரும்பத் திரும்ப வருவார்களாம். டொரன்டோவில் செய்து 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதையே சோதித்துப் பார்த்திருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வந்த வீடற்றவர்கள் 133 பேரில், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குத் தன்னார்வலர்கள் கூட இருந்து பேசிக் கவனித்தார்கள். அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் திரும்ப வந்தது குறைந்ததே தவிர கூடவில்லை. நிர்வாகியிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார், அல்லது குறித்துக்கொள்வதுபோல் காட்டினார்.

வீட்டுக்கு அனுப்பினால், எதெது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டின் நகலையும் சீக்கிரமே கேளுங்கள். எழுத்தில், தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு. கேமராப் பதிவுகளைப் பல இடங்களில் கொஞ்ச காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள் என்பதால், அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் சேர்த்திருந்தேன்.

என் புகாருக்கு வந்த முதல் பதில் அரைப் பக்கம். எங்களுக்கு ஏற்பட்ட ‘சிரமத்துக்கு’ வருந்துகிறார்களாம், பதிவேட்டின்படி நோயாளி முறையாகக் கண்காணிக்கப்பட்டாராம். பதில் கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: அந்தக் குறிப்புகளில் உள்ள நேரங்களில் அப்பாவின் நாற்காலி அருகில் யார் நின்றார்கள் என்று கேமராவில் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இளம் டாக்டரின் பெயரைக் குறிப்பிட்டு, அவருக்குப் பாராட்டு போய்ச் சேர வேண்டும் என்று தனியாகவும் ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு மறுநாளே நன்றி சொல்லிப் பதில் வந்துவிட்டது. கேமராவைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.